நாஃப்பிலியோ பயணம்: நாள் குறிப்பதிலிருந்து திரும்பும் பஸ் வரை

கிரீஸின் பெலொப்பொனீஸ் தீபகற்பத்துக் கரையில் இருக்கும் நாஃப்பிலியோவுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். அதன்பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருக்குப் பயணத் திட்டம் போட உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் விமான டிக்கெட், அப்புறம் ஓட்டல், கடைசியில் "அங்கே என்னென்ன திறந்திருக்கும், எப்படிப் போவது?" என்ற கேள்வி. இந்த ஊருக்கு அந்த வரிசை சரிவராது. எது எந்த நாளில் திறந்திருக்கும், எந்த பஸ் எப்போது ஓடும் என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ப இரவுகளைக் கணக்கிட்டு, விமானத்தைக் கடைசியில் பிடிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படிப் போட்டதுதான்.

1. ஊர் பெயரைச் சரிபாருங்கள்

சிரிக்காதீர்கள், இது முதல் படியேதான். நாஃப்பிலியோ வேறு, நாஃப்பக்தோஸ் வேறு. இரண்டுமே பழைய துறைமுக ஊர், இரண்டிலும் கோட்டை உண்டு, இணையத்தில் தேடினால் படங்களும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் நாஃப்பக்தோஸ் கொரிந்த் வளைகுடாவின் வடகரையில், சாலை வழியே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அங்கே அறை போட்டுவிட்டு, ஏதென்ஸில் இறங்கிய பிறகுதான் கவனித்தார்கள். ரத்து செய்தும் பணம் திரும்பவில்லை.

இன்னொரு குழப்பம், ஒரே ஊருக்கு நாஃப்பிலியோ, நாஃப்பிலியோன், நௌப்லியா என்று பல எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றுதான். வரைபடத்தில் ஆர்கோலிக் வளைகுடாவின் வடமுனையில், ஆர்கோஸ் ஊருக்கு 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் சரியான ஊர்.

கிரேக்க எழுத்தில் பெயர்ப்பலகையை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். கால்பந்து கோல்கம்பம் போல இருப்பது 'ப்', கூடாரம் போல இருப்பது 'ல்'. கோல்கம்பமும் கூடாரமும் பெயரின் நடுவில் அடுத்தடுத்து வந்தால் அது உங்கள் பஸ்தான். நாஃப்பக்தோஸில் கோல்கம்பம் உண்டு, கூடாரம் கிடையாது.

2. எத்தனை இரவு?

மூன்று. இரண்டு இரவில் முடியும், ஆனால் ஏதாவது ஒன்றை விடவேண்டிவரும். ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வரும் சுற்றுலா பஸ்கள் இருக்கின்றன. அவை மிக்கேனே (பழங்காலக் கோட்டை), எபிதவ்ரோஸ் (பழங்கால நாடக அரங்கம்) இரண்டையும் காட்டிவிட்டு நாஃப்பிலியோவில் ஒரு மணி நேரமோ, சாப்பாட்டு நேரமோ விடும். ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்று இரவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பலமிதிக் கோட்டைக்கு ஒரு காலை வேண்டும். மிக்கேனேவுக்கு ஒரு காலை, எபிதவ்ரோஸுக்கு இன்னொரு காலை. வெயில் காலத்தில் இந்த மூன்றையும் மதியத்துக்குமேல் பார்க்கக்கூடாது, ஏனென்றால் எங்குமே நிழல் இல்லை. மூன்று காலை வேண்டுமென்றால் மூன்று இரவு தங்கியாக வேண்டும். மாலைகள் கடலுக்கும் பழைய நகரத்துத் தெருக்களுக்கும் தானாகவே போய்விடும்.

3. எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை நல்ல காலம். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அதைவிட நல்லது என்பது என் கட்சி. கடல் இன்னும் குளிக்கும் சூட்டில் இருக்கும், வெயில் இறங்கியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெப்ப அலை வந்தால் தொல்லியல் தலங்களை நண்பகல் முதல் மாலைவரை அரசே மூடிவிடும். "நாங்க பார்க்காத வெயிலா" என்று கிளம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சென்னையில் நாம் பகல் ஒரு மணிக்குப் பாறைமேல் ஏறுவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏதென்ஸ்காரர்களுக்கு நாஃப்பிலியோ ஒரு வார இறுதி ஊர், காரில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். வெள்ளி மாலை நிரம்பும் ஊர் ஞாயிறு மாலைதான் காலியாகும். அறை வாடகையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். ஆகவே ஞாயிறு மாலை வந்து புதன் பிற்பகலோ வியாழன் காலையோ கிளம்புவதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு, பெரும்பாலும் செவ்வாய். நாஃப்பிலியோவின் சிந்தக்மா சதுக்கத்தில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம் உங்கள் பட்டியலில் இருந்தால் அதைத் திங்களிலோ புதனிலோ வையுங்கள்.

ஆண்டில் சில நாட்கள் எல்லாமே மூடியிருக்கும்: ஜனவரி 1, மார்ச் 25, மே 1, ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26. ஈஸ்டர் என்றால் நம் காலண்டரில் போட்டிருக்கும் ஈஸ்டர் அல்ல. கிரேக்கத் திருச்சபையின் கணக்கு வேறு. 2027-ல் நம் காலண்டரில் மார்ச் 28 என்றிருக்கும், அங்கே மே 2. அந்த வாரம் அறை கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் விலையும் கஷ்டம்.

இதற்கு எதிர்ப்பக்கமாக, இலவச நாட்களும் உண்டு. நவம்பர் முதல் மார்ச்வரை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, மற்றும் மார்ச் 6, ஏப்ரல் 18, மே 18, அக்டோபர் 28, செப்டம்பர் கடைசி வார இறுதி ஆகிய நாட்களில் அரசுத் தலங்களுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மிச்சமாகும் தொகை பெரியது.

4. விசா, விமானத்துக்கு முன்

இந்திய, இலங்கை கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா) வேண்டும். கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசிய கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா தேவையில்லை. அவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னராவது கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில், சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். பிரச்சினை அந்த நாட்கள் அல்ல. விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கோடைக்கு முன்னால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். எனவே மூன்று மாதம் முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். வயது வந்தவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்கவேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

அடிக்கடி நடக்கும் தவறு: இத்தாலியில் ஐந்து இரவு, கிரீஸில் நான்கு இரவு என்று திட்டமிட்டு, "கிரேக்கத் தூதரகத்தில் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது" என்று அங்கே விண்ணப்பிப்பது. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்கவேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. அறை முன்பதிவுத் தாள்கள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் போடுங்கள். விமான டிக்கெட்டும் அப்படியே.

5. ஏதென்ஸிலிருந்து போகும் வழி

முதலில் இல்லாத வழிகளைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை நகரம் என்பதால் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான கப்பல் போக்குவரத்து கிடையாது. ரயிலும் இல்லை. இந்த ஊருக்கு வந்த குறுகிய பாதை ரயில் 2011-ல் நிறுத்தப்பட்டது. சில வரைபடங்களில் தண்டவாளம் இன்னும் கோடாகத் தெரியும், அதை நம்பவேண்டாம். நாஃப்பிலியோவின் பழைய ரயில் நிலையத்தில் ஓர் எஞ்சின் நிற்கிறது, பிள்ளைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள.

இருப்பது பஸ், அல்லது கார். தூரம் சுமார் 140 கிலோமீட்டர்.

பஸ்ஸை நடத்துவது கே-டெல். இது ஒரே நிறுவனம் அல்ல, மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் கூட்டமைப்பு. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஏதென்ஸின் கிஃபிசோஸ் பஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் "நாஃப்பிலியோ" என்ற கவுண்டரைத் தேடாதீர்கள். மாவட்டத்தின் பெயரான "ஆர்கோலிதா" கவுண்டரைத் தேடுங்கள். ஏதென்ஸில் லியோசியோன் என்று இன்னொரு பஸ் நிலையமும் உண்டு, அது நமக்கு இல்லை. டாக்சியில் ஏறினால் "கே-டெல் கிஃபிசூ" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

விமான நிலையத்திலிருந்து எக்ஸ்93 பஸ் நேராகக் கிஃபிசோஸ் போகும். நகர மையத்திலிருந்து என்றால் ஒமோனியா பக்கத்திலிருந்து 051. விமானம் இறங்கி, எல்லைச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, கிஃபிசோஸ் போய்ச்சேர மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல்ரேகையும் படமும் பதிகிறார்கள், முதல்முறை வருபவர்களுக்கு வரிசை நீளும். அங்கிருந்து நாஃப்பிலியோவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஆக, மாலை நான்கு மணிக்குமேல் இறங்கும் விமானம் என்றால் அன்றிரவு ஏதென்ஸில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். கடைசி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டாம்.

பஸ் ஆர்கோஸ் வழியாக வரும். ஆர்கோஸில் பாதிப் பஸ் இறங்கும், எல்லோரும் பெட்டியை எடுப்பார்கள். கூட்டத்தோடு நீங்களும் இறங்கிவிடாதீர்கள். இன்னும் கால் மணி நேரத்துக்குமேல் இருக்கிறது. நாஃப்பிலியோவில் பஸ் நிற்கும் இடம் சிங்க்ரூ தெருவில், பழைய நகரத்தின் வாசலிலேயே.

கார் எடுப்பதா? மிக்கேனே, எபிதவ்ரோஸ் இரண்டுக்கும் கார் மிக வசதி. ஊருக்குள் அது பாரம். பழைய நகரத்துத் தெருக்கள் நடப்பதற்கானவை. காரைத் துறைமுகத்தை ஒட்டிய பெரிய நிறுத்துமிடத்தில் விட்டுவிட வேண்டும், வார இறுதியில் அதிலும் இடம் கிடைக்காது. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போகவேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. வாடகைக் கார்களில் பெரும்பாலும் கையால் கியர் மாற்றுவதுதான் வரும். தானியங்கி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலப்பக்கப் போக்குவரத்து என்பது நினைவிருக்கட்டும்.

6. தங்கும் இடம்: எத்தனை படி என்று கேளுங்கள்

பழைய நகரம் அக்ரோநாஃப்பிலியா குன்றின் சரிவில் படிப்படியாக ஏறுகிறது. கீழ்த் தெருக்கள் சமதளம். மேலே போகப்போகத் தெருவே படிக்கட்டாகிவிடும். படங்களில் காகிதப்பூ கொடி படர்ந்து அழகாகத் தெரியும் அறைகள் பெரும்பாலும் அந்தப் படிகளின் உச்சியில்தான். லிஃப்ட் என்ற பேச்சே இருக்காது.

என் பெரியப்பாவுக்கு நானே பார்த்துப் போட்ட அறை அப்படித்தான் அமைந்தது. வாசலுக்கு வர எழுபது படி, வாசலிலிருந்து அறைக்கு இன்னும் இரண்டு மாடி. மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த மூன்று நாளும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே வரவில்லை. அன்றிலிருந்து, அறை போடுமுன் வீட்டுக்காரருக்கு ஒரே கேள்வி அனுப்புகிறேன்: "கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரை எத்தனை படி?" நேர்மையாகப் பதில் சொல்கிறார்கள்.

முதியவர்கள் இருந்தால் சிந்தக்மா சதுக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உள்ள கீழ்த் தெருக்கள் நல்லது. ஆனால் சதுக்கத்தையே பார்த்த அறை வேண்டாம், நள்ளிரவுக்குப் பிறகும் பேச்சுச் சத்தம் ஓயாது. செலவு குறையவேண்டுமென்றால் பஸ் நிலையத்துக்கு மறுபக்கம் உள்ள புதிய நகரத்தில் பாருங்கள். பழைய நகரத்துக்குப் பத்து நிமிட நடை.

அறை வாடகையோடு முடிவதில்லை. தட்பவெப்பக் கட்டணம் என்று ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஓட்டலிலேயே தனியாக வாங்குவார்கள். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் காலத்தில் மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. ஏமாற்றுகிறார்கள் என்று வரவேற்பறையில் சண்டை போடவேண்டாம், இது அரசு வரி.

7. மூட்டை கட்டும்போது

நான்கு விஷயம் மட்டும் சொல்கிறேன். ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும் ஷூ: சதுக்கத்துப் பளிங்கும் கோட்டைப் படிகளும் ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு வழவழத்துப் போயிருக்கின்றன, செருப்போடு ஏறி வழுக்கியவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். தொப்பி. கூழாங்கல் கடற்கரைக்கு ரப்பர் காலணி. சில்லறை யூரோக்கள், படகுக்கும் உள்ளூர் பஸ்ஸுக்கும். கடைகளில் அட்டை செல்லும்.

8. பலமிதிக் கோட்டை, முதல் காலையிலேயே

கடல் மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயரம். ஊரிலிருந்து மேலே போகும் படிகள் 999 என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிக்கொண்டே ஏறியவர்கள் எல்லோரும் வேறுவேறு எண் சொல்கிறார்கள், யாருக்கும் 999 வந்ததில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் நடுவில் மூச்சு வாங்கி எண்ணிக்கை தப்பிவிட்டது.

இரண்டு வழிகள். முழங்கால் நன்றாக இருந்தால் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது மேலே இருக்கும்படி ஏழேகாலுக்கு ஏறத் தொடங்குங்கள். படிகள் குன்றின் மேற்குப் பக்கம், நகரத்தைப் பார்த்து அமைந்தவை, அதனால் காலையில் நிழல். மதியத்துக்குப் பிறகு அதே படிகளில் வெயில் நேராக அடிக்கும். சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று மாலை நான்கு மணிக்கு ஏறுபவர்கள் மிக மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முழங்கால் சரியில்லையென்றால், பின்பக்கமாகச் சாலை கோட்டை வாசல்வரை போகிறது. டாக்சியில் ஏறிப்போய்ப் படி வழியாக இறங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். நான் அதைத் தயங்கித்தான் சொல்வேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தொல்லை, படிகளும் ஒரே உயரத்தில் இல்லை. போகவும் வரவும் டாக்சியே பேசிக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தை ஏறும்போதே சொல்லிவிட வேண்டும், மேலே டாக்சி காத்திருக்காது.

உள்ளே எட்டுக் கொத்தளங்கள். வாசலருகே உள்ள புனித ஆந்திரேயா கொத்தளத்தைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். தள்ளி இருக்கும் கொத்தளங்கள்வரை போனால்தான் கரதோனா விரிகுடா தெரியும். ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மதில்களில் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

டிக்கெட்டை அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வாங்கலாம். 2025 ஏப்ரலில் கட்டணங்கள் மாறின, பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலையை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். குளிர்காலத்தில் மாலை மூன்றரைக்கே மூடிவிடுவார்கள்.

9. அதே நாளின் மிச்சம்

மதியம் இரண்டரைக்குமேல் ஊர் தூங்கும். கடைகள் பாதி மூடியிருக்கும். அது கடலுக்குப் போகும் நேரம். பழைய நகரத்திலிருந்து நடந்து போகக்கூடியது அர்வனித்யா: கூழாங்கல், சட்டென்று ஆழம். குழந்தைகளோடு என்றால் கரதோனா: மணல், நெடுந்தூரம் ஆழமில்லாத தண்ணீர். அர்வனித்யாவிலிருந்து கரதோனாவுக்குக் கடலோரமாகவே சுமார் மூன்று கிலோமீட்டர் பாதை இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து அக்ரோநாஃப்பிலியாவின் அடியைச் சுற்றி அர்வனித்யாவுக்குப் போகும் கடலோர நடைபாதை பாறை சரிவதால் சில காலம் மூடப்படுவதுண்டு. தடுப்பு போட்டிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் தாண்டுவார்கள், அது அவர்கள் பாடு.

பூர்ட்சி தீவுக் கோட்டைக்குத் துறைமுகத்திலிருந்தே சிறு படகு. காற்று பலமாக வீசினால் படகு ஓடாது. அதனால் அதைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாமல், கடல் அமைதியாக இருக்கும் முதல் மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

10. மிக்கேனேவும் எபிதவ்ரோஸும்: பஸ்ஸில் ஏறும் முன்

இங்குதான் அதிகம் பேர் நாளைத் தொலைக்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

இரண்டும் நாஃப்பிலியோவிலிருந்து ஏறக்குறைய 25, 30 கிலோமீட்டர்தான், ஆனால் வேறுவேறு திசைகள். மிக்கேனே வடக்கே, எபிதவ்ரோஸ் கிழக்கே. இரண்டுக்கும் நடுவே நேரடி பஸ் இல்லை. பஸ்ஸில் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயலவேண்டாம். கார் இருந்தால் முடியும்.

நீங்கள் வந்து இறங்கும் அன்றே பஸ் நிலையத்தில் போய் இரண்டு இடங்களுக்கும் போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஒரு நாளைக்குச் சில பஸ்தான், ஞாயிறன்று இன்னும் குறைவு, பருவத்துக்குப் பருவம் மாறும். போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் கடைசி பஸ்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

மிக்கேனேவில் ஒரு பொறி. தலத்தின் வாசல்வரை போகும் பஸ்கள் சில. மற்றவை நெடுஞ்சாலையில் உள்ள ஃபிக்தி கிராமத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர், மேட்டில், வெயிலில் நடை. "மிக்கேனே போகுமா?" என்று கேட்டால் இரண்டு பஸ்காரர்களும் ஆம் என்பார்கள், அவர்கள் கணக்கில் இரண்டும் போகிறது. "தலத்தின் வாசலுக்கா, ஃபிக்திக்கா?" என்று கேளுங்கள். இன்னொன்று, அத்ரியஸ் கருவூலம் என்ற பெரிய கல்லறை கோட்டைக்குச் சற்று முன்னாலேயே சாலையோரம் இருக்கிறது. சிங்க வாசலைப் பார்த்த களைப்பில் அதை விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. அதே டிக்கெட்தான், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எபிதவ்ரோஸில் பொறி பெயரிலேயே இருக்கிறது. கடலோரம் பழைய எபிதவ்ரோஸ் என்று ஒரு கிராமம், அதற்குப் புராதன எபிதவ்ரோஸ் என்ற பெயரும் உண்டு. புதிய எபிதவ்ரோஸ் என்று மற்றொன்று. புகழ்பெற்ற அரங்கம் இந்த மூன்று பெயரிலும் இல்லை. அது லிகூரியோ ஊருக்குப் பக்கத்தில், அஸ்க்லிபியோ என்று பலகையில் எழுதியிருக்கும் இடத்தில். புராதன என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்பிக்கையோடு ஏறி, கடற்கரையில் போய் இறங்கிய என் நண்பரை என்ன சொல்வது? அங்கேயும் ஒரு சிறிய பழைய அரங்கம் இருக்கிறது, அவர் அதுதான் இது என்று அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். நடத்துநரிடம் "தேஅத்ரோ, லிகூரியோ" என்று சொல்லுங்கள்.

அரங்கில் 55 வரிசை. கடைசி வரிசைக்கு ஒருவரை ஏற்றிவிட்டு, நீங்கள் நடுவில் உள்ள வட்டக்கல்லில் நின்று காகிதத்தைக் கிழியுங்கள். மேலே கேட்கும். சுற்றுலாக் கூட்டம் வந்து கைதட்டத் தொடங்குவதற்குமுன் இதைச் செய்யவேண்டும், அதற்காகவும் முதல் பஸ். உரக்கப் பாடினால் காவலர் விசில் ஊதுவார்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறீர்கள் என்றால் அந்த அரங்கிலேயே இரவு நாடகம் பார்க்கலாம், பெரும்பாலும் வெள்ளி, சனி. அதற்கு மட்டும் வார இறுதியைத் தவிர்க்கும் விதியை மீறலாம். டிக்கெட் மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வரும். நாடக இரவுகளில் நாஃப்பிலியோவிலிருந்து தனி பஸ் விடுவார்கள், நாடகம் முடிந்து அதே பஸ் திரும்பும். கல் இருக்கை, ஒரு சிறு மெத்தை எடுத்துப்போங்கள். குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதி இல்லை.

திரின்ஸ் என்ற பழங்காலக் கோட்டையை விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆர்கோஸ் போகும் உள்ளூர் பஸ் வழியில் நிற்கும், அந்த பஸ் அடிக்கடி உண்டு. ஒரு மணி நேரம் போதும்.

11. சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

கிரேக்கச் சமையலில் சைவம் தாராளம், ஆனால் பெயரை நம்பக்கூடாது. "நிஸ்திசிமோ" என்றால் விரதச் சாப்பாடு. இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இறாலும் கணவாயும் ஆக்டோபஸும் அவர்களுடைய விரதத்தில் சேரும். "தரமோசலாதா" பார்க்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மசியல்போல் இருக்கும், அது மீன் முட்டை.

நீங்கள் தேடவேண்டிய சொல் "லதெரா", எண்ணெயில் சமைத்த காய்கறி வகை. பச்சை பீன்ஸ், கத்தரி, உருளை எல்லாம் தக்காளியில் வெந்து வரும். பெரிய வெள்ளை மொச்சை போன்ற "யிகாந்தெஸ்", கீரை வேகவைத்த "ஹொர்தா", மஞ்சள் பருப்பை மசித்த "ஃபாவா" இவை நிச்சயம் வயிற்றுக்கு ஒத்துவரும். சோறு அடைத்த தக்காளி, குடைமிளகாய் என்றால் "ஹோரிஸ் க்ரேஆஸ்?" என்று கேட்டுவிடுங்கள், இறைச்சி இல்லாமலா என்று பொருள். கொத்துக்கறி சேர்ப்பவர்களும் உண்டு. தயிருக்குப் பஞ்சமே இல்லை.

பதில் "நே" என்று வந்தால் ஆம். காதுக்கு 'நோ' போலக் கேட்கும். தலையை மேலே தூக்கி 'ப்ச்' கொட்டினால் இல்லை. இந்த 'ப்ச்' மட்டும் நமக்கு மொழிபெயர்ப்பு இல்லாமல் புரியும்.

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் சூடுபிடிக்கும். ஏழு மணிக்குப் போனால் இடம் கிடைக்கும், சமையல்காரரும் நிதானமாக இருப்பார். கேட்காமலே வரும் ரொட்டிக்குப் பில்லில் சிறு தொகை சேரும்.

12. திரும்பும் பஸ்

ஏதென்ஸ் திரும்பும் டிக்கெட்டை வந்த அன்றே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பிற்பகல் பஸ்களில் ஏதென்ஸ்காரர்கள் முன்பே இடம் பிடித்திருப்பார்கள், அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும். டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கும், ஆனால் பெட்டி வைக்கும் இடத்துக்கு எண் கிடையாது. பதினைந்து நிமிடம் முன்பே போய்ப் பெட்டியை ஏற்றிவிடுங்கள்.

அன்றிரவே விமானம் என்றால், பஸ் கிஃபிசோஸ் வந்துசேரும் நேரத்துக்கும் விமானம் கிளம்பும் நேரத்துக்கும் நடுவே ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும். எக்ஸ்93 ஏதென்ஸ் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்ட நாளை நான் பார்த்திருக்கிறேன்.